இல்லைன்னே போட்டுறட்டுங்களா?

கண்ணாஸ்பத்திரியில் சொட்டு விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்னால் உட்காரத்தான் வேண்டும், ஆனால் காதை யாரும் மூடச் சொல்லவில்லையே, அதனால் என்னிடம் கேள்வி கேட்டுவிட்டுப் போன அந்தப் பெண் இரண்டு நாற்காலி தள்ளி வேறொரு அம்மாவிடம் அதே கேள்விகளைக் கேட்பது ஒன்று விடாமல் எனக்குக் கேட்கிறது, சர்க்கரை இருக்குதுங்களா, பிரஷர் இருக்குதுங்களா, மூட்டு வலி, முதுகு வலி, நாள்பட்ட இருமல், வீட்டில் யாருக்காவது காசநோய், வாயில் அடிக்கடி புண், இதோ அடுத்தது அதுதான், வந்துவிட்டது, கீழ அந்த எடத்துல புண்ணு ஏதாச்சும் வருதுங்களா. அந்த அம்மா யாரோ, இல்லம்மா என்று பட்டென்று சொல்லிவிட்டாள். நானும் அப்படித்தான் சொன்னேன். அவளை விட வேகமாகச் சொன்னேன், கேள்வி முழுசாக வெளியே வருவதற்குள் இல்லை என்றேன், பக்கத்தில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார், என் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அந்தப் பெண் பாவம், சின்ன வயசு, கையில் பலகை மாதிரி ஒரு டேப், விரலால் தட்டித் தட்டிப் போகிறாள், ரேஷன் கடையில் சீனி வேணுமா பருப்பு வேணுமா என்று கேட்கிற குரல்தான் அவளுக்கு எல்லாக் கேள்விக்கும். எதிர் வரிசையில் ஒரு பெரியவர், பக்கவாட்டில் ஒரு கல்யாணமாகாத பெண், எல்லோரும் கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பவர்கள், சும்மா இருக்கிறவர்களுக்குக் காதுதானே வேலை. வாய்ப்புண்ணுக்கு மட்டும் நான் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொன்னேன். "அது சூட்டுக்கு வரும் கண்ணு, எல்லாத்துக்கும் வர்றதுதான, மணத்தக்காளித் தழைய வதக்கித் தின்னாப் போயிரும்" என்றேன். தட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது. "அப்ப இல்லைன்னே போட்டுறட்டுங்களா?" என்றாள். போட்டுக்க என்றேன். சூடு ஒரு நோயா என்ன, அதைப் போய் ஆஸ்பத்திரியில் சொல்வார்களா. ஆக இரண்டு இல்லை. அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன், எழுந்திருக்கும்போது அவள் சும்மா போகாமல் ஒரு விளக்கம் கொடுத்துவிட்டுப் போனாள். "இனிக் கண்ணுக்குள்ள படம் எடுப்பாங்கம்மா. அந்தப் படத்தையும் நீங்க சொன்னதையும் சேத்து வெச்சுக் கம்ப்யூட்டரே பாத்து, இது எதனால வந்த வீக்கம்னு சொல்லும். அப்புறம் டாக்டரம்மா பாப்பாங்க."

படம் பொய் சொல்லாது, நான் பொய் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்து அந்தக் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? இந்தப் பொம்பளை புளுகுகிறாள் என்று எழுதிக் காட்டுமா? அப்படிக் காட்டினால் கூட நல்லது என்று இருக்கிறது எனக்கு, என் வாயால் சொல்லாமல் அதுவே சொல்லிவிட்டால் நல்லது, ஆனால் அவர் எதிரில் காட்டிவிட்டால்? இந்த இரண்டுக்கும் நடுவில் போய் வந்துகொண்டே இருக்கிறேன், ஒரு முடிவும் இல்லை. ஆடி மாசம் இந்த வலது கண் சிவந்தபோது எல்லோரும் மெட்ராஸ் ஐ என்றார்கள். நானும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன், ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் வாசலிலேயே நின்று அளவு ஜாக்கெட்டை உள்ளே வீசிவிட்டுப் போனார்கள், என் முகத்தைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளுமாம். மெட்ராஸ் ஐ வந்த வழியே போய்விடும். இது போவதும் வருவதுமாக ஆட்டம் காட்டியது, வெளிச்சம் பட்டால் கண்ணுக்குள் மிளகாய், ஒரு நாள் காலையில் ஊசியில் நூல் கோக்கப் போனால் ஊசிக் காது இருக்க வேண்டிய இடத்தில் புகை. நூலை நாக்கில் ஈரம் பண்ணிப் பண்ணிக் குத்துகிறேன், விரலில்தான் குத்துகிறது. அப்போது அவர்தான் வந்து ஒன்றும் பேசாமல் ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தார், எனக்கு எரிச்சலாக வந்தது, அழுகையாகவும் வந்தது. திருச்செங்கோட்டில் பார்த்த டாக்டர்தான் இங்கே அனுப்பினார். கண்ணுக்குள்ளே வீக்கம், இது பத்துப் பதினைந்து காரணத்தால் வரும், எந்தக் காரணம் என்று தெரியாமல் மருந்து கொடுத்தால் பார்வை போய்விடும், திரும்ப வராது என்று அவர் சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். தையல்காரிக்குக் கண் போனால் என்ன மிச்சம், கையும் காலும் இருந்து என்ன பண்ண. இவ்வளவு தெரிந்தும் இல்லை என்றேன். கண்ணை விட மானம் பெரிதாகப் போய்விட்டது, அதுவும் என் மானமா அவர் மானமா என்று கேட்டால் எனக்கே பதில் தெரியவில்லை.

ஏனென்றால் அந்தப் புண் என்னுடையது இல்லை என்றுதான் இத்தனை வருசமும் நான் நினைத்து வந்திருக்கிறேன். அது அவர் கொண்டுவந்தது. அப்போது அவர் ரிக் வண்டியில் இருந்தார். எங்கள் ஊரில் பாதி ஆம்பளைகள் போர்வெல் வண்டியோடு வடக்கே போனவர்கள்தான், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே போய்ப் பூமியைத் துளைத்துக்கொண்டு கிடப்பார்கள், நோம்பிக்கு வந்து தலையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். இவரும் மாரியம்மன் நோம்பிக்கு வந்தார், எனக்குச் சேலை, மகள் கீர்த்தனாவுக்கு ஜரிகைப் பாவாடை, சிரித்துப் பேசிக்கொண்டு இருந்துவிட்டுப் போனார். அவர் போன கொஞ்ச நாளில் எனக்கு அங்கே வந்தது. ஏதோ கொப்புளம் என்று விட்டேன், அது குழியாகி, உட்கார முடியாமல், ஒன்றுக்குப் போனால் உயிர் போய் உயிர் வந்து, மிஷின் பெடலை மிதிக்க முடியாமல், மேலுக்குச் சொகமில்லை என்று பொய் சொல்லிக் கடையைச் சாத்திவிட்டுப் படுத்துக் கிடந்தேன். யாரிடம் சொல்வது? அளவு கொடுக்க வருகிறவர்களிடமா? கையைத் தூக்கி நிற்கும்போது பெண்களுக்கு வாயும் சேர்ந்து திறந்துகொள்ளும், ஊர்க்கதை அத்தனையும் நான் அளவு டேப் பிடித்தபடியே கேட்டவைதான். ரிக் வண்டிக்காரன் வடக்கே வாங்கிக்கொண்டு வந்து பொண்டாட்டிக்குக் கொடுத்தது, ஒருத்தன் உருகி உருகிச் செத்தது, அவன் பொண்டாட்டி கொடுத்த காசைக் கூடக் கடைக்காரன் கையில் வாங்காதது. அந்தப் பொண்டாட்டி ஒரு நாள் என்னிடம் ஜாக்கெட் துணி கொண்டுவந்தாள். கையில் வேலை நெறைய இருக்குது என்று திருப்பி அனுப்பினேன். அவள் சரிங்க என்று துணியை மடித்து எடுத்துக்கொண்டு போனாள், அவளுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அப்படி அனுப்பியவளுக்கே வந்துவிட்டது என்றால் அதை வாய் விட்டுச் சொல்ல முடியுமா? ஈரோட்டுக்குப் பஸ் ஏறி, முகம் தெரியாத மெடிக்கலில் நின்று, கடையில் வேறு ஆம்பளைகள் இல்லாத நேரம் பார்த்துக் களிம்பு வாங்கி வந்தேன், கொக்கி பட்டன் போட்டு வைக்கிற டப்பாவுக்குள் அடியில் செருகினேன். அந்த ஊரிலேயே ரத்தமும் சோதனைக்குக் கொடுத்தேன், பேரை மாற்றிச் சொல்லி. அந்தப் பெரிய நோய் இல்லை என்று வந்தது. சந்தோசப்பட வேண்டாமா, சந்தோசப்படவில்லை, அது இல்லையென்றால் வேறொன்று, பேர் தெரியாத ஒன்று. வேற தொந்தரவு ஏதாச்சும் இருக்குதுங்களா என்று அங்கே இருந்த நர்ஸ் கனிவாகத்தான் கேட்டாள், செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அடுத்த முறை அவர் வந்தபோது ஹாலில் கட்டிலைப் போட்டு விரித்து வைத்தேன். அவர் கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எதுக்கு?" என்றார். "கேக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான், அதற்கப்புறம் கேட்கவே இல்லை. குற்றமில்லாதவன் கேட்கமாட்டானா, சண்டை போடமாட்டானா, தட்டை வீசமாட்டானா? கேட்காததே போதும் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். அடுத்த வருசமே ரிக் வண்டியை விட்டுவிட்டு ஊரோடு வந்து பால் வண்டி ஓட்ட ஆரம்பித்தார், அதையும் அந்தத் தீர்ப்போடுதான் சேர்த்துக்கொண்டேன், செய்தது உறுத்துகிறது, அதான் வந்துவிட்டார் என்று. அப்பா என்றால் டிவி பார்த்துக்கொண்டே ஹாலில் தூங்குகிறவர் என்று நினைத்துத்தான் என் மகள் வளர்ந்தாள். புண் ஆறும், திரும்ப வரும், ஆறும், வரும். வரும்போதெல்லாம் அவர் தட்டில் குழம்பு கொஞ்சம் வேகமாக விழும். அவர் அதற்கும் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது கூடப் பாருங்கள், "சித்த நேரம் சாஞ்சுக்கறயா?" என்று தோளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைக்கிறார், நான் வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டி நிமிர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன், அந்தத் தோள் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்துவிட்டுப் போகிறது.

கலாமணி, கலாமணி ஈஸ்வரமூர்த்தி. என் பேர்தான். அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிக்கொண்டு போகிறார், கண்ணைத் திறந்தால் டியூப் லைட் எல்லாம் உருகி ஒழுகுகிறது, முகங்களே இல்லை, சட்டை நிறமும் சேலை நிறமும் மட்டும் நடக்கின்றன. ஓர் இருட்டு அறை, தாடையை இங்க வெய்ங்கம்மா, நெத்திய முட்டக் கொடுங்க, பச்சையா ஒரு புள்ளி தெரியுதுங்களா, அதையே பாருங்க, சிமிட்டாதீங்க. ஒரு வெளிச்சம் உள்ளே வந்து மண்டையின் பின்பக்கம் வரைக்கும் போய்த் தேடுகிறது. துணியைக் கழற்றி நிற்கிற கூச்சம் வந்தது எனக்கு, கண் ஒன்றுதானே காட்டுகிறேன், இதற்குப் போய் இப்படி உடம்பு குறுகுமா? "இந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படிக் கண்ணு தெரியும்?" என்று கேட்டேன், பேசிக்கொண்டிருந்தால் கூச்சம் தெரியாது. படம் எடுக்கிறவள் சொன்னாள், "இந்த மாதிரி நோயாளிங்க படம் ஏராளமா காட்டிப் பழக்கியிருக்காங்கம்மா. யாருக்கு என்ன படம், என்ன தொந்தரவு சொன்னாங்க, கடைசில என்ன நோயின்னு இருந்துச்சு, எல்லாம் அதுக்குக் குடுத்திருக்காங்க." என்ன தொந்தரவு சொன்னாங்க. சொன்னார்களா? எனக்கு முன்னால் இந்தச் சட்டத்தில் தாடையை வைத்த பொம்பளைகள் எத்தனை பேர், பக்கத்தில் புருசனும் எதிரில் ஊரும் உட்கார்ந்திருக்க அவர்கள் மட்டும் உள்ளதைச் சொல்லியிருப்பார்களா, அவர்களும் இல்லை இல்லை என்றுதானே சொல்லியிருப்பார்கள். இத்தனை இல்லையையும் கேட்டுக் கேட்டு அது, சேலை கட்டினவர்களுக்கு அங்கே ஒன்றும் வராது என்று பழகியிருந்தால்? அளவு ஜாக்கெட்டே தப்பாக இருந்தால் தைக்கிற ஜாக்கெட் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும். தொழிலில் இது எனக்கு நன்றாகத் தெரியும், போன தடவை இறுக்கிப் பிடித்த ஜாக்கெட்டையே அளவுக்குக் கொடுத்துவிட்டு இந்தத் தடவையும் இறுக்குது என்று சண்டைக்கு வருகிறவர்களை எத்தனை பார்த்திருக்கிறேன். நானும் அந்த மாதிரிதான் ஒன்றைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், என் கண்ணுக்குத் தப்பாகத் தைத்துத் தரப்போகிறார்கள், எனக்கு அப்புறம் வருகிறவளுக்கும் தப்பாகத் தைப்பார்கள். "அசையாதீங்கம்மா, கண்ணு கலங்குது, படம் சரியா வராது" என்றாள் அவள். துடைத்துக்கொண்டேன். சொட்டு மருந்து என்று அவள் நினைத்திருப்பாள்.

டாக்டரம்மா பேர் நஸ்ரின் என்று கதவில் எழுதியிருப்பதாக அவர்தான் படித்துச் சொன்னார். குரல் மட்டும் தெரிந்தது, அவசரப்படாத குரல், கழுத்தில் ஏதோ நீலமாக இருந்தது. "உங்களுக்கு இப்பத் தெரியாதும்மா, சார் நீங்க பாருங்க. இந்த ரத்தக் குழாய் ஓரமெல்லாம் வெளுத்துக் கெடக்குது பாத்தீங்களா? வீக்கம். கம்ப்யூட்டர் ரெண்டு காரணம் சொல்லுது. காசநோய முதல்ல போட்டிருக்குது, இன்னொன்னை ரொம்பக் கீழ போட்டிருக்குது. அந்த இன்னொன்னுன்னா வாயிலயும் கீழயும் அடிக்கடி புண்ணு வரணும். நீங்க ரெண்டுமே இல்லைன்னு சொல்லியிருக்கீங்க, அதனாலதான் அது அதைக் கீழ தள்ளிருச்சு. ஆனா படத்தைப் பாத்தா எனக்கு அப்படித் தோணல. நீங்க கொண்டாந்த நெஞ்சு எக்ஸ்ரேயும் சுத்தமா இருக்குது. ரெண்டுக்கும் மருந்து வேற வேறம்மா. மாத்தி ஆரம்பிச்சா இந்தக் கண்ணு மட்டுமில்ல, அடுத்த கண்ணும் போகலாம். கம்ப்யூட்டர் உங்களைத் திரும்பக் கேக்காது, நான் கேக்கறேன். நெசமாவே வராதா?" என் காது சுட்டது, முகம் சுட்டது, கழுத்து வரைக்கும் சுட்டது. அப்போது பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது, "நான் வேணா வெளிய இருக்கட்டுங்களா?" என்றார் அவர். எவ்வளவு நல்லவர். எப்போதும் இப்படித்தான், சத்தம் வரும் முன்னால் எழுந்து போய்விடுவார், நான் ஒருத்தி மட்டும் நின்று எரிய வேண்டும். இத்தனை வருசமாக உள்ளே கிடந்ததெல்லாம் ஒரே மூச்சில் மேலே வந்தது. ஏன் போக வேண்டும்? இருந்து கேட்கட்டும், ஒரு டாக்டர் முன்னால், படத்தை வைத்துக்கொண்டு, இவர் செய்து வைத்ததை இவரே கேட்கட்டும். "இருங்க. எங்கயும் போவேண்டாம். அவரும் கேக்கட்டுங்க டாக்டர், அவருக்கும் தெரியோணும்" என்றேன். அவர் உட்கார்ந்தார். நான் சொன்னேன், வாயில வரும், அங்கயும் வரும், வருசக்கணக்கா வருது, ஆறிப்போகும், மறுக்காவும் வரும், யாருகிட்டயும் காட்டினதில்ல. என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது, அவ்வளவு சத்தமாக இருந்தது, வெளியே வரிசையில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும். "இது எப்படி வந்துச்சுன்னு சொல்றனுங்க" என்று அவர் பக்கம் திரும்பினேன், ரிக் வண்டி என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"எப்படியும் வரலம்மா" என்றார் டாக்டரம்மா. என் கை மேல் கையை வைத்துவிட்டார். "நீங்க நெனக்கற மாதிரி இல்ல. இது யாருகிட்டருந்தும் வர்றதில்ல, யாருக்கும் ஒட்டறதும் இல்ல. உங்க உடம்பே உங்க ரத்தக் குழாயை எதிரின்னு நெனச்சுத் தாக்குது. வாயில, கீழ, கண்ணுல, எல்லா எடத்துலயும் ஒரே நோய்தான்." வாயில் நுழையாத ஒரு வெளிநாட்டுப் பேரைச் சொன்னார். நல்லவேளை இப்போதாவது சொன்னீங்க, சரியான மருந்து இருக்குது, பார்வையில பெரும்பகுதியைக் காப்பாத்திரலாம், அப்புறம் அந்தப் பொண்ணு போட்ட பதிலையும் மாத்திரச் சொல்றேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். எதுவும் என் காதில் ஏறவில்லை. யாருகிட்டருந்தும் வர்றதில்ல. அந்த ஒன்றில் மாட்டிக்கொண்டு நின்றுவிட்டேன். அப்படியானால் ஹாலில் கட்டில்? அப்படியானால் வேகமாக விழுந்த குழம்பு? பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது, இவ்வளவு நேரம் பட்டது வெட்கமே இல்லை, இதுதான் வெட்கம். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"டாக்டர்... வேற ஆளுங்க யாருகிட்டருந்தும் வந்திருக்காதுங்களா?"

"வராதுங்க சார். தொத்து நோயே இல்ல."

"இல்லீங்க... வீட்டுக்காரன் ஊர்ல இல்லாதப்ப... பொம்பளைங்களுக்கு வெளிய பழக்கம் கிழக்கம்னு ஏதாச்சும்... அப்படியும் வராதுங்களா?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்க."

அவர் மூச்சை விட்டார். அந்த மூச்சின் நீளத்தில்தான் எனக்குப் புரிந்தது, எந்த வீட்டுக்காரன், எந்தப் பொம்பளை என்று. என்னைத்தான் நினைத்திருக்கிறார். நான் அவரைப் பற்றி நினைத்ததை அப்படியே அவர் என்னைப் பற்றி நினைத்திருக்கிறார், நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் பால் வண்டி ஓட்டியிருக்கிறார், ஊசியில் நூல் கோத்துக் கொடுத்திருக்கிறார்.

"சட்டைக்குப் பட்டன் தேடுனப்ப உன்ற டப்பாவுல அந்தக் களிம்பப் பாத்தன்" என்றார் மெதுவாக, டாக்டரிடம் இல்லை, என்னிடம். "மெடிக்கல்ல காட்டி என்னன்னு கேட்டன். வருசம் பூரா நான் வடக்க கெடந்தா நீயும் மனுசிதான, தப்பு என்ற மேலயும்தான்னு, வண்டிய உட்டுப்போட்டு வந்துட்டன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டது தெரிந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டார். அப்புறம், முன்னொரு நாள் கட்டிலைப் பார்த்துவிட்டுக் கேட்ட அதே குரலில் கேட்டார்.

"அப்படி ஒண்ணுமே இல்லீன்னா, எதுக்குக் கலாமணி என்னைய ஹால்ல படுக்க வெச்சே?"

கேட்காதீங்க என்று இப்போது சொல்ல முடியாது. அவர் முகம் இருக்கிற பக்கமாகத் திரும்பினேன்.

"நீங்கதான் கொண்டாந்து குடுத்தீங்கன்னு நெனச்சனுங்க" என்றேன்.